தொளியில் நிற்பவன் பெயரை எழுது!

தோழர்களே! பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயலெடுத்துப் பயிரேற்றும் அண்ணாச்சிமாரே, நடவுக்கும் களைபறிப்புக்கும் இறங்கும் அக்காமாரே!

கும்பப்பூ நெல் கதிர் தள்ளிவிட்டது. மாசி பிறந்தால் தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் ஒவ்வொரு வயல்பத்திலும் அறுப்பு மெஷின் இறங்கிவிடும். அதற்கு முன்னால் நமக்கென்று ஒரு நாள் இருக்கிறது: ஜனவரி 26, கிராம சபை. அன்றைக்கு நாம் வீட்டில் இருந்துவிட்டால் இந்த அறுப்பின் பணமும் அடுத்த கன்னிப்பூப் பருவத்தின் மானியமும் பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போகும். அல்லது யார் கணக்குக்கும் போகாது. இரண்டில் எது நடந்தாலும் தொளிச் சேற்றில் நின்றவன் கைக்கு ஒன்றும் வராது.

ஓர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நம் குமரி மாவட்டத்தில் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். அறுபது தாண்டிய ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக், நனைந்து காய்ந்த பாட்டச் சீட்டு மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“பட்டா யாரு பேர்ல?”

“மொதலாளி பேர்ல சார். அவிய திருவனந்தபுரத்துல இருக்காவ.”

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க.”

“அவிய இந்த வயலப் பாத்தே ஏழெட்டு வருசமாச்சே சார். நாந்தானே பயிரேத்துகேன்.”

“கம்ப்யூட்டர்ல அதுக்கு எடமில்ல பாட்டா.”

அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது முழு உண்மை. கம்ப்யூட்டரில் நமக்கு இடம் இல்லை. இடம் ஒதுக்காமல் அதைச் செய்தவர்களோடுதான் நமக்குப் பேச்சு.

பிரதமரின் கிசான் சம்மான் நிதியையே எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் தொடங்கினார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 வீதம். 21ஆவது தவணையை 2025 நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரில் வைத்தே பிரதமர் விடுவித்தார். மேடையில் பேசப்பட்டதெல்லாம் விவசாயியைப் பற்றித்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் விதியில் விவசாயி என்றால் நிலம் சொந்தமாக வைத்திருக்கும் குடும்பம். 1.2.2019 அன்று பட்டாவில் பெயர் இருந்திருக்க வேண்டும். பாட்டக்காரன், வாரக்காரன், கூலிக்காரன் மூவரும் வெளியே.

இதிலே நாஞ்சில் நாட்டுக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். வருமான வரி கட்டுபவர், அரசு உத்தியோகத்தில் இருப்பவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், டாக்டர், வக்கீல், இன்ஜினியர் இவர்களுக்கெல்லாம் இந்தப் பணம் கிடையாது என்பதும் அதே விதிதான். சரியான விதி. ஆனால் நம் ஊரில் வயலைப் பாட்டத்துக்கு விட்டிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் இந்த வகையினர்தான். ரிட்டயர்டு வாத்தியார், வங்கி அதிகாரி, வளைகுடாவிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். ஆக, சொந்தக்காரருக்கு ஓய்வூதியம் இருப்பதால் தகுதி இல்லை. பயிரிடுபவனுக்குப் பட்டா இல்லாததால் தகுதி இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வயல் அநாதையாகக் கிடக்கிறது. அந்த வயலில் விளைந்த அரிசியை மட்டும் எல்லாரும் சாப்பிடுகிறோம்.

தகுதியில்லாதவர் கைக்கு இந்தப் பணம் போகவே போகாது என்று யாராவது சொன்னால் 2020ஐ ஞாபகப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் போலிப் பெயர்கள் பட்டியலில் ஏறின. 110 கோடி ரூபாய் போனது. சிபிசிஐடி வழக்குப் போட்டு, கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்க அலைந்தார்கள். வயலே இல்லாதவனைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றத் தரகனுக்கு வழி தெரிந்திருந்தது. வயலில் நிற்பவனை ஏற்ற அரசாங்கத்துக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

ஆறாயிரம் ரூபாய்க்காகவா இவ்வளவு சத்தம் என்று கேட்பவர்களும் நம்மிலேயே உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. 2018-19இல் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டால் 1,750 ரூபாய். அன்றைக்கு 6,000 ரூபாய் என்பது மூன்றே கால் குவிண்டாலுக்கும் மேலான நெல். 2025-26இல் அதே ரகத்துக்கு 2,369. அதே 6,000 அப்போது இரண்டரைக் குவிண்டால்தான். அந்த ஏழு வருஷத்தில் ஒரு ரூபாய் கூட்டவில்லை. ஆனாலும் தோழர்களே, நம் கவலை அந்த ஆறாயிரத்தோடு நிற்கவில்லை. அந்தப் பட்டியல்தான் இனி எல்லாவற்றுக்கும் வாசல்.

2025 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். பொது சேவை மையத்தில் ஆதார், பட்டா, ஆதாரோடு இணைத்த போன் நம்பர் கொண்டுபோய்ப் பதிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். இனி மானிய விதை, மானிய உரம், கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும் என்று அதிகாரிகளே முகாமில் சொன்னார்கள். அந்த எண் பட்டாவோடு கட்டப்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பி வயல் வயலாகப் போனில் பயிர்க் கணக்கு எடுத்தார்கள். பாவம், பிள்ளைகள் வரப்பில் வழுக்கி விழுந்து, தோப்பிலும் புதரிலும் நடந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்பது இப்போது சர்க்காரிடம் படத்தோடு இருக்கிறது. யார் பயிரிட்டார் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

இனி அறுப்புக்கு வருவோம். அவசரம் அங்கேதான்.

2025-26 பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு கொள்முதல் விலை சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. மத்திய அரசின் விலையோடு மாநிலம் ஊக்கத்தொகையாகச் சாதா ரகத்துக்கு 131 ரூபாயும் சன்னத்துக்கு 156 ரூபாயும் சேர்த்துக் கொடுத்தது. 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய். அதில் ஐம்பத்திரண்டு ரூபாய் சொச்சம் மாநில ஊக்கத்தொகை. நல்லது. ஊக்கம் யாருக்கு? நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்ட வேண்டுமென்றால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், இணையத்தில் பதிவு வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் ஒப்பளிக்க வேண்டும். பணம் பதிவில் உள்ள பேங்க் கணக்குக்குப் போகும்.

பாட்டக்காரன் என்ன செய்கிறான்? மொதலாளியிடம் போய் நின்று சிட்டா நகல் கேட்கிறான். நல்லவராக இருந்தால் கொடுப்பார், பணம் தம் கணக்கில் விழுந்ததும் பாட்டம் போக மீதியை அனுப்புவார். அப்படி அனுப்பும் மனிதர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உழைத்தவன் கூலி இன்னொருவருடைய நல்ல மனசை நம்பியா இருக்க வேண்டும்? சிலர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பாட்டக்காரனுக்கு ரெக்கார்டு ஆகிவிடுமே என்ற பயம். அப்போது என்ன வழி? களத்திலேயே தனியார் வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்கு. கேரளத்து மில்லுக்குப் போகும் லாரி வயலோரத்தில் நிற்கும். ஈரம் அதிகம், பதர் அதிகம் என்று கழித்துத் தள்ளிவிட்டு எடை போடுவார்கள். அரசின் ஊக்கத்தொகை நம் தலைக்கு மேலே பறந்து போய்விடும்.

இந்த மாவட்டத்தில் ஒரு பருவத்துக்கு நெல் நிற்பது இன்றைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஹெக்டேரில்தான். ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு இது. பேச்சிப்பாறை அணையை 1906இல் கட்டி முடித்தது இந்த வயல்களுக்காக. வயல் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் பிளாட்டாகவும் மாறியது பாட்டக்காரனால் அல்ல. இன்றைக்கும் நெல் விடாமல் நிற்கும் வயல்பத்துகளைப் போய்ப் பாருங்கள். தெரிசனங்கோப்பு, ஈசாந்திமங்கலம், தாழக்குடி, தேரூர், பறக்கை எங்கே பார்த்தாலும் வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவரிடம் கேளுங்கள், “சொந்த வயலா, பாட்டமா?” என்று. பதில் உங்களுக்கே தெரியும். நெல் மிச்சமிருப்பதே பாட்டக்காரன் கையில்தான். அவன் விட்டால் மறுநாள் அங்கே செம்மண் லாரி வரும்.

கோயில் வயல்களின் கதை இதைவிட மோசம். நம் மாவட்டத்தில் சுசீந்திரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 490 கோயில்கள் அறநிலையத்துறையின் கீழ் இருக்கின்றன. கோயில் வயலில் தலைமுறையாகப் பாட்டம் அளப்பவர்கள் உண்டு. அங்கே சொந்தக்காரர் சாமி. நிலம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் கிசான் நிதி சாமிக்கும் கிடையாது, பாட்டக்காரனுக்கும் கிடையாது. தனியார் வயலிலாவது மொதலாளி பயப்படுகிறார் என்று ஒரு சாக்கு இருக்கிறது. கோயில் வயலில் பாட்டக்காரர் பட்டியல் அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது. ரசீது அவர்கள் கொடுத்தது. பாட்டம் பாக்கி வந்தால் நோட்டீஸ் மட்டும் சரியான பெயருக்கு, சரியான வீட்டு விலாசத்துக்கு வந்து சேர்கிறது. பாக்கி வசூலிக்கத் தெரிந்த பெயர் மானியம் கொடுக்கும்போது மட்டும் எப்படித் தொலைந்து போகிறது? கோயில் வயல் பாட்டக்காரர்களுக்கு அடையாள எண் கொடுக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு துறை தன் பட்டியலை இன்னொரு துறைக்குக் கொடுத்தால் போதும். நம் முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும். ஜெயிக்கக் கூடியதும் அதுதான்.

சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. கூட்டுப் பட்டா பிரிக்காமல், செத்துப்போன தாத்தா பெயரிலும் பெரிய மாமன் பெயரிலும் கிடக்கிறது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழிச் சொத்துரிமை போய் நூறு வருஷம் ஆகிறது. அந்த வழியின் குடும்பத் தலைவர்களாகக் கவிமணி தம் பாட்டில் கிண்டல் செய்த காரணவர்கள் சில பட்டாக்களில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இப்படிச் சிக்கிய சிறு நிலக்காரர்களும் நம்மோடு வர வேண்டியவர்கள். பட்டா மாறுதல் முகாமைப் பருவத்துக்கு ஒரு தடவை கிராமத்திலேயே நடத்து என்பதையும் மனுவில் சேர்த்துக்கொள்வோம்.

வேறு மாநிலத்தில் நடக்கவே நடக்காத காரியத்தையா கேட்கிறோம்? ஒடிசாவில் காலியா திட்டம் தொடங்கியபோதே நிலமில்லாதவரையும் வாரக்காரரையும் சேர்த்தார்கள். மேற்கு வங்கத்தில் பதிவு பெற்ற வாரக்காரருக்குக் கிருஷக் பந்து பணம் உண்டு. ஆந்திரத்தில் 2019இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து பதினொரு மாதத்துக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் ஓட்டையும் இருந்தது: சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை. போட மறுத்தவர்கள் ஏராளம். அந்த ஓட்டையை நாம் இங்கே கொண்டுவர வேண்டாம். 2018இல் தெலங்கானா ரைத்து பந்து என்று ஏக்கருக்கு இவ்வளவு எனக் கொடுத்தது, பாட்டக்காரனை அடியோடு விட்டுவிட்டு. நூறு ஏக்கர்காரருக்கு மூட்டையாகப் பணம், உழுதவனுக்குக் கைவிரிப்பு. அதுவும் நமக்குப் பாடம்.

பணக்கார நாட்டையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நிலத்தைப் பணப் பாட்டத்துக்கு விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர் அரசின் பயிர் ஆதரவுத் தொகையை வாங்க முடியாது. விளைச்சலின் லாப நஷ்டத்தில் பங்குள்ளவருக்குத்தான் அது. எந்த வட்டாரத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை அங்கே ஒரு தன்னார்வ அமைப்பு இருபது வருஷத்துக்கும் மேலாக எடுத்து ஊருக்கே போட்டுக் காட்டுகிறது. அதனால் அங்கே பெரும் பண்ணைகள் மானியத்தை விழுங்குவது நின்றுவிடவில்லை. ஆனால் விழுங்குவது யார் என்று ஊருக்குத் தெரிகிறது. நம்மிடமும் அந்தக் கண் இருக்கிறது, தோழர்களே. கிசான் நிதியின் இணையதளத்தில் கிராமம் வாரியாகப் பயனாளிகள் பட்டியல் திறந்தே கிடக்கிறது. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தரும். ஜனவரி 26க்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பட்டியலை எடுங்கள். யாரையும் அசிங்கப்படுத்த வேண்டாம், பெயர் சொல்லி வம்புக்குப் போக வேண்டாம். ‘எங்கள் ஊர் வயலில் பயிரிடும் இத்தனை பேர் இந்தப் பட்டியலில் இல்லை’ என்று மட்டும் சபையில் எழுந்து சொல்லுங்கள். அது போதும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969இல் வந்தது. வருவாய்த்துறையிடம் மனுக் கொடுத்துக் குத்தகையைப் பதியலாம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் நம்மில் எத்தனை பேர் பதிந்தோம்? ஏன் பதியவில்லை என்பதும் தெரிந்ததே. நம் பாட்டமெல்லாம் வாய்ப்பேச்சில் நடப்பது. பதியப் போனால் அடுத்த பூவுக்கு வயல் கிடையாது என்பார் மொதலாளி. அவர் பக்கமும் பயம் இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அதை நாம் சிரித்துத் தள்ளினால் வேலை நடக்காது. ஆகவே நாம் கேட்பது இதுதான். நில உரிமையைத் தொடாமல், ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லுகிற பயிரிடுவோர் சான்று. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலுக்கு வந்து, பக்கத்து வயல்காரர் இரண்டு பேரைக் கேட்டு எழுதட்டும். சொந்தக்காரர் கையெழுத்து வேண்டாம். அந்தச் சான்றை வைத்துக் கொள்முதல், மானிய விதை, காப்பீடு, அடையாள எண் எல்லாம் பயிரிடுபவன் பெயரில். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதியிலேயே குத்தகைக்காரரும் சேரலாம் என்றுதான் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் குத்தகைக்காரருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அட்டை உண்டு. சாவுக்கும் கல்யாணத்துக்கும் உதவி கொடுக்க நம்மை உழவர் என்று ஒத்துக்கொண்ட அரசு, நெல்லுக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறது?

சட்டமன்றத் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வயலுக்குள் இறங்கி நாற்று நட்டுப் போட்டோ எடுப்பார்கள். எடுக்கட்டும். கரையேறியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: “பயிரிடுபவன் பெயரில் சான்று தருவீர்களா, மாட்டீர்களா?” பதிலை எழுதி வாங்குங்கள். தேர்தலின்போது கேட்காவிட்டால் அப்புறம் ஐந்து வருஷம் கேட்க ஆள் கிடைக்காது.

பயந்த ஊர் இல்லை இது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாயக்கர் படை ஒரு பக்கமும் திருவிதாங்கூர் அதிகாரிகள் இன்னொரு பக்கமுமாக வரி கறந்தபோது, நாஞ்சில் நாட்டார் பிடாகை பிடாகையாகக் கூட்டம் கூடி, அநியாய வரியைக் கட்டுவதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். அன்றைக்கு அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லை, ஓலைதான். தோழர் ஜீவா பிறந்த பூதப்பாண்டியும் இங்கேதான் இருக்கிறது. அவர் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். அவர் ஊர்ப் பாட்டக்காரருக்கு ஒரு சான்று வாங்கிக் கொடுப்பது கஷ்டம். நாம் கஷ்டமானதைச் செய்வோம்.

இனி செய்ய வேண்டியது.

அருமநல்லூர், தெரிசனங்கோப்பு, ஈசாந்திமங்கலம், செண்பகராமன்புதூர், தோவாளை போல ஊராட்சியில் இருப்பவர்கள் 26ஆம் தேதி கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். நடவு முழுக்க அவர்கள் கையில் நடக்கிறது, பட்டியலில் அவர்கள் பெயர் நம்மைவிடக் குறைவு. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு தனி அலுவலர் பொறுப்பு. அவர் அவசரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். தீர்மான நகல் கேட்டு மனு ஒன்றையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

தாழக்குடி, தேரூர், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், சுசீந்திரம் ஆட்களுக்குக் கிராம சபை கிடையாது, பேரூராட்சி. வயல் இருக்கிறது, மாடு இருக்கிறது, ஆனால் கணக்கில் அது கிராமம் இல்லை! நீங்கள் கிராம சபைக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். ஊராட்சிக்காரர்கள் தீர்மானத்தோடு அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒரே மனுவை நூறு பேர் கொடுத்தால் அது ஒரு மனு. நூறு பேர் நூறு மனுவாகக் கொடுத்தால் நூறு நம்பர் போட வேண்டும், நூறு பதில் எழுத வேண்டும். ஆகவே ஆளுக்கொரு மனு.

கொண்டுவர வேண்டியவை: ஆதார் நகல், பாஸ்புக் நகல், பாட்டச் சீட்டு அல்லது கோயில் ரசீது இருந்தால் அது, இல்லாவிட்டால் பயிரிடும் வயலின் சர்வே எண், பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் கையெழுத்து. உழவர் பாதுகாப்பு அட்டை இருந்தால் மறக்காமல் அதன் நகல். மனு எழுதத் தெரியாதவர்கள் முந்தின நாளே எழுதத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விடுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது. காலை ஒன்பதரைக்கு எல்லாரும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் டோக்கன் வரிசை ரோடுவரை வந்துவிடும்.